கீழக்கரை வாசல் வரை எத்தனை மணி நேரம்?

"எத்தனை மணிக்கு வந்து சேருவீங்க?" என்று ஊரிலிருந்து உம்மா கேட்டால், டிக்கெட்டில் இருக்கும் நேரத்தைச் சொல்லாதீர்கள். அது விமானம் தரையிறங்கும் நேரம். கீழக்கரை இருக்கும் ராமநாதபுரம் கடற்கரையில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. உச்சிப்புளியில் இருப்பது கடற்படைத் தளம். மதுரையோ, திருச்சியோ, சென்னையோ இறங்கி, மிச்சத்தைத் தரைவழியாகத்தான் கடக்க வேண்டும்.

லண்டனிலிருந்து சென்னை, வான்வழியில் சுமார் 8,200 கி.மீ. பெரிய ஜெட் விமானம் மணிக்கு 850 முதல் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் பத்து, பத்தரை மணி நேரம். திரும்பிப் போகும்போது மேற்கிலிருந்து வீசும் காற்று எதிர்க்காற்றாகிவிடும், அதனால் நேரம் கூடும். சென்னைக்கு துபாயும் சிங்கப்பூரும் ஏறக்குறைய ஒரே தூரம்தான், 2,900 கி.மீ. வாக்கில், நாலு மணி நேரப் பயணம்.

கடிகாரத்தில்தான் கவனம் வேண்டும். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால். வெள்ளி இரவு 9 மணிக்கு அங்கே ஏறினால் இங்கே இறங்குவது சனி அதிகாலை 2.30 வாக்கில். "வெள்ளி ராத்திரி வண்டி அனுப்புங்க" என்று மட்டும் சொன்னால் டிரைவர் பல மணி நேரம் முன்னாலேயே வந்து காத்துக் கிடப்பார். தேதி, கிழமை, மணி மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள்.

மதுரைக்கு நேரடி விமானம் கிடைத்தால், கொஞ்சம் காசு கூடினாலும் அதையே எடுங்கள் என்பேன். லண்டன்காரர்கள் கொழும்பு வழியாக வரலாம். அங்கிருந்து மதுரை ஒரு மணி நேரம்தான். சென்னையிலோ மும்பையிலோ உள்நாட்டு விமானம் மாறினால், அங்கேயே இமிகிரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடியும் பெட்டியைப் போட வேண்டும். நடுவில் குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள். உள்நாட்டு டிக்கெட்டைத் தனியாக எடுத்திருந்தால் பொதுவாக 15 கிலோதான் அனுமதி. பிள்ளைகளுக்குச் சாக்லேட், மச்சானுக்குப் பெர்ஃப்யூம் என்று நிரப்பிய பெட்டிக்கு அது காணாது.

மதுரை விமான நிலையத்திலிருந்து ரிங் ரோட்டில் விரகனூர் போய்விட்டால், ஊர் நெரிசலுக்குள் நுழையாமலே ராமேஸ்வரம் சாலையைப் பிடித்துவிடலாம். பரமக்குடி வரை நாலுவழிச் சாலை. அதற்கப்புறம் சாலை குறுகி, எதிரே வரும் லாரிகளின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும். இரவில் வந்தால் பரமக்குடியில் வண்டியை நிறுத்தி, டிரைவருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அவரும் தூங்காமல்தான் வந்திருப்பார். கீழக்கரைக்கு இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம், ராமேஸ்வரத்துக்கு இன்னும் ஒரு மணி கூட.

தொண்டிப் பக்கம் போகிறவர்கள் திருச்சியில் இறங்கிப் புதுக்கோட்டை வழியாக வரலாம். சென்னையில் இறங்குகிறவர்களுக்கு இரவு ரயில் இருக்கிறது. விடியும் நேரத்தில் ராமநாதபுரம். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் மறுபடியும் ராமேஸ்வரம் வரை போகிறது. காற்று பலமானால் பாலத்துக்கு முன்னாலேயே ரயிலை நிறுத்திவிடுவார்கள். திரும்பும் நாளில் அந்த ரயிலை நம்பி விமானம் பிடிக்கிறவர்கள் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.