சொத்து வாங்கும்போது எதிரில் இருப்பவர் யாருடைய ஆள்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனையோ வீடோ வாங்குகிறவர்கள் மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் எல்லாம் மறக்காமல் கேட்கிறார்கள். எதிரில் உட்கார்ந்து பேசுகிற ஆள் யாருக்காகப் பேசுகிறார் என்பதைத்தான் கேட்பதில்லை.

புரோக்கரை நம் ஆள் என்று நினைப்பது முதல் தவறு. தமிழ்நாட்டில் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவது சாதாரண வழக்கம். அவருக்கு வியாபாரம் முடிய வேண்டும், அவ்வளவுதான். அவர் பிழைப்பு அது, தப்பில்லை. ஆனால் "ஐம்பது லட்சம் வரை போகலாம், நாற்பத்தைந்துக்குப் பேசுங்கள்" என்று அவரிடம் சொன்னால் பேரம் ஐம்பதில்தான் முடியும். விற்பவரும் தன் பண அவசரத்தை அவரிடம் கொட்டக் கூடாது. கமிஷன் எவ்வளவு, எப்போது தருவது என்பது வாட்ஸப்பிலாவது எழுத்தில் இருக்கட்டும். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு பெற்ற திட்டத்தில் விற்றுத் தருபவர் என்றால், 2016 சட்டப்படி ஏஜென்ட்டுக்கும் பதிவு எண் இருக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். லீகல் பார்க்கிற வக்கீல் மட்டும் புரோக்கர் கைகாட்டியவராக இருக்க வேண்டாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து பவர் ஏஜென்ட் விஷயத்தில் இருக்கிறது. பவர் என்பது தன் சார்பில் செயல்பட உரிமையாளர் எழுதித் தரும் அதிகாரப் பத்திரம். அதை வைத்திருப்பவர் உரிமையாளர் இல்லை, உரிமையாளரின் பிரதிநிதி. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் வழக்கமான பவரும் அன்றோடு செத்துப்போகும். அதனால்தான் அவர் உயிரோடு இருக்கிறார் என்ற டாக்டர் சான்றைப் பதிவு அலுவலகத்தில் கேட்கிறார்கள். அந்தச் சான்றோடு திருப்திப்படாமல் உரிமையாளரிடம் நேரிலோ வீடியோ காலிலோ நீங்களே பேசிவிடுங்கள். பவர் பத்திரத்தை வரி விடாமல் படியுங்கள்: விற்கும் அதிகாரம் இருக்கிறதா, பணம் வாங்கும் அதிகாரம் இருக்கிறதா, கூட்டுச் சொத்து என்றால் அண்ணன் தம்பி எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா? பவர் ரத்தாகியிருக்கிறதா என்று பதிவு அலுவலகத்திலும் பாருங்கள். பணத்தை முடிந்தவரை உரிமையாளர் கணக்கிலேயே செலுத்துங்கள்.

"கிரயம் அப்புறம் பார்த்துக்கலாம், இப்போதைக்கு பவர் எழுதித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பவரும் ஒப்பந்தமும் உயிலும் சேர்ந்தாலும் உரிமை மாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் பவரில் இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பம் இருக்கிறதா, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். டிடிஎஸ், அதாவது விலையிலிருந்து வாங்குபவர் பிடித்துக் கட்ட வேண்டிய வருமான வரி, அதைப் பிடிப்பதிலும் பலர் தவறுகிறார்கள். ஐம்பது லட்சமோ அதற்கு மேலோ போனால் 1 சதவீதம் என்ற கணக்கு உள்நாட்டில் வசிக்கும் விற்பவருக்குத்தான். வெளிநாட்டில் வசிக்கும் என்ஆர்ஐக்கு விதி வேறு, பிடிக்க வேண்டிய தொகையும் மிக அதிகம். குறைத்துப் பிடித்தால் வருமான வரித் துறை வாங்கியவரைத்தான் கேட்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.