பாறையேறிகளிடம் ஊர் ஊராகப் போய்ப் பேச ஆசையா? முதல் சுற்றை இப்படித் திட்டமிடுங்கள்

பாறையேற்றம் பற்றி சொந்த ஊரில் ஒரு மாலை பேசுவது சுலபம். நண்பர்கள் வந்துவிடுவார்கள், புரொஜெக்டர் யாராவது கொண்டுவந்துவிடுவார்கள். அதே பேச்சை நான்கைந்து ஊர்களுக்கு எடுத்துப்போக வேண்டும் என்றால் ரயில், ஹால், உள்ளூர்க் கிளப், கிழமை, பணம் எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், ஒன்றை நகர்த்தினால் மற்ற நான்கும் நகரும். இதுவரை ஒரு சுற்றுகூடப் போகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு பெங்களூர், ஹம்பி, பாதாமி, புனே, மும்பை என்ற பாதையை எடுத்துக்கொள்கிறேன். பெங்களூருக்குப் பக்கத்தில் ராமநகராவின் கருங்கல், ஹம்பியின் உருண்டைப் பாறைகள், பாதாமியின் சிவந்த மணற்கல், சஹ்யாத்ரியின் (மும்பை, புனே பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலை) எரிமலைப் பாறை என்று தக்காணத்தின் பாறையேற்றம் பெரும்பாலும் இந்தக் கோட்டில்தான் இருக்கிறது, கேட்க வருகிற ஆட்களும் இங்கேதான் இருக்கிறார்கள்.

இந்த மாதிரி பேச்சுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆல்பர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் 1851-ல் ஆல்ப்ஸ் மலையின் மான் பிளாங்க் சிகரம் ஏறிவிட்டு, அடுத்த வருடமே லண்டன் எகிப்ஷியன் ஹாலில் அதைப் பற்றி மேடையேறினார், ஆறு வருடம் கூட்டம் குறையவில்லை. ஆனால் 1923-ல், எவரெஸ்ட் ஏற முயன்ற ஜார்ஜ் மலோரி அதைப் பற்றிப் பேச அமெரிக்கா போனபோது எதிர்பார்த்த வருமானம் வரவில்லை. எவரெஸ்ட் என்ற பெயரே ஹாலை நிரப்பித் தராது என்றால், நம்முடைய பெயரை நம்பி ஹால் பிடிப்பது சரியாக வராது. ஊர் வாரியாக வேலை பார்த்தால்தான் ஆள் வரும்.

படி 1: எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள்?

"என் பாறையேற்ற அனுபவங்கள்" என்பது தலைப்பே இல்லை. ஒரு ஏற்றம், ஒரு பாறை, ஒரு பிரச்சினை, இதில் ஏதாவது ஒன்றைப் பிடியுங்கள். "பாதாமியில் ஒரு ரூட்டுக்குப் புதிதாக போல்ட் அடிப்பது எப்படி நடக்கிறது" (ரூட் என்பது ஏறும் பாதை, போல்ட் என்பது கயிற்றை மாட்டுவதற்காகப் பாறையில் துளை போட்டுப் பொருத்தும் உலோக ஆணி) என்றால் புதிதாக வந்தவருக்கும் புரியும், பத்து வருடம் ஏறியவரும் உட்கார்ந்து கேட்பார். பேச்சைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள், அவர் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் தலைப்பு கிடைத்துவிட்டது.

படி 2: மாதம் முதலில், கிழமை அதைவிட முக்கியம்

தக்காணத்தில் பாறை ஏறும் பருவம் பொதுவாக அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. கோடையில் பாறை கையை வைக்க முடியாத அளவு சுடும், மழைக்காலத்தில் சஹ்யாத்ரி முழுக்க வழுக்கும். ஜூனில் ஹால் சுலபமாகக் கிடைக்கிறது என்று சுற்றை அங்கே வைக்காதீர்கள். பருவத்தில் பேசினால்தான் கேட்டவர் மறுநாள் காலையில் பாறைக்குப் போவார். போவதற்காகத்தானே பேசுகிறோம்.

இப்போது கிழமை. நல்ல பருவத்தில் பெங்களூர்க்காரர்கள் வெள்ளி இரவே பையைத் தூக்கிக்கொண்டு ஹம்பிக்கோ பாதாமிக்கோ கிளம்பிவிடுவார்கள், மும்பை, புனே ஆட்கள் சஹ்யாத்ரிக்குள் போய்விடுவார்கள். சனிக்கிழமை மாலை நகரத்து ஹாலில் பேச்சு வைத்தால், யாருக்காகப் பேச வந்தோமோ அவர்கள் எல்லாம் ஊரிலேயே இருக்க மாட்டார்கள். அதனால் நகரங்களில் வார நாள், பாறை இருக்கும் ஊர்களில் வார இறுதி. இந்த முழுக் கட்டுரையில் இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும், உங்கள் சுற்று பாதி தேறிவிடும்.

அந்தக் கணக்குப்படி போட்டால்: வியாழன் மாலை பெங்களூர். வெள்ளி இரவு ஹம்பி எக்ஸ்பிரஸ் பிடித்து காலையில் ஹொசபேட், அங்கிருந்து ஹம்பிப் பக்கம் போய் சனி மாலை பேச்சு. ஞாயிறு சாலை வழியாக பாதாமி, திங்கள் மாலை பேச்சு (பருவத்தில் அங்கே வாரக்கணக்கில் தங்கி ஏறும் ஆட்கள் இருப்பார்கள், அதனால் திங்கள் பரவாயில்லை). செவ்வாய் முழுக்கப் பயணம்: பாதாமியிலிருந்து கோல் கும்பஸ் எக்ஸ்பிரஸ் வழியில் சோலாப்பூர், அங்கிருந்து புனேக்கு நிறைய ரயில்கள். புதன் புனே, வியாழன் மும்பை. எட்டு நாளில் ஐந்து பேச்சு. முதல் தடவை இது அதிகம் என்று தோன்றினால் பெங்களூர், ஹம்பி, பாதாமி மூன்றோடு நிறுத்துங்கள், அதுவே நல்ல சுற்றுதான்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும், அன்று காலையிலேயே உட்கார்ந்து போட்டுவிடுங்கள். பேச்சு முடிந்த கையோடு ரயில் பிடிக்கிற மாதிரி திட்டம் வேண்டாம். பேச்சுக்குப் பிறகு நடக்கும் உரையாடலில்தான் அடுத்த ஊர் அழைப்பும் புதுப் பாறை பற்றிய தகவலும் வரும், நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் அது நடக்காது. அப்புறம், உள்ளூர்த் திருவிழாத் தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாதாமிக்குப் பக்கத்தில் பனசங்கரி கோயில் ஜாத்திரை தை மாத வாக்கில் வரும், ஹம்பியில் உற்சவம் நடக்கும். அந்த நாட்களில் அறை கிடைப்பது பெரும்பாடு.

படி 3: ஒவ்வொரு ஊரிலும் ஒரு ஆள்

ஹால் தேடுவதற்கு முன்னால் ஆளைத் தேடுங்கள். அந்த ஊரில் பாறை ஏறுகிற, நான்கு பேருக்குத் தெரிந்த, போன் செய்தால் எடுக்கிற ஒருவர். அவர் கிடைக்காத ஊரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், எவ்வளவு பெரிய ஊராக இருந்தாலும் சரி. மும்பையில் 1954 முதல் இயங்கும் கிரிவிஹார், புனேயில் கிரிபிரேமி மாதிரி பழைய கிளப்கள் இருக்கின்றன. 2016-ல் நவி மும்பையில் போல்டரிங் (கயிறு இல்லாமல் தாழ்வான பாறையிலோ சுவரிலோ ஏறுவது) உலகக் கோப்பைப் போட்டியை முன்னின்று நடத்தியது கிரிவிஹார்தான், அதனால் அங்கே ஒரு மாலைப் பேச்சை ஏற்பாடு செய்யத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சம் இருக்காது. பெங்களூரில் கன்டீரவா ஸ்டேடியத்தின் ஏற்றச் சுவரில் ஒரு மாலை போய் நின்றாலே யாரிடம் பேசலாம் என்று சொல்லிவிடுவார்கள்.

முதல் செய்தி சின்னதாக இருக்கட்டும். நீங்கள் யார், எதைப் பற்றி, எவ்வளவு நேரம், எந்தத் தேதி, அவர்களிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். இப்படி:

"வணக்கம். நான் சென்னையில் இருந்து எழுதுகிறேன், பாதாமியில் சில பருவங்களாக ஏறுகிறேன். போல்ட் அடிப்பது பற்றி 45 நிமிடம் படங்களோடு பேச ஜனவரி இரண்டாம் வாரம் உங்கள் ஊர்ப் பக்கம் வருகிறேன். புதன் மாலை உங்கள் உறுப்பினர்களுக்காகப் பேசலாமா? 50 பேர் உட்காரும் இடமும் ஒரு புரொஜெக்டரும் இருந்தால் போதும். என் பயணம், தங்குமிடம் என் பொறுப்பு."

கடைசி வரி ரொம்ப முக்கியம். தங்குமிடம் யார் தலையில் விழும் என்று தெரியாவிட்டால் நல்ல மனிதர்கள்கூடப் பதில் போடத் தயங்குவார்கள். பெரும்பாலும் அவர்களே "ஹோட்டல் எதுக்கு, எங்க வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிடுவார்கள், அது வேறு விஷயம்.

எந்த மொழியில் பேசுவது என்பதையும் இவரிடமே கேளுங்கள். புனேயில் பாதிக் கூட்டம் மராத்தியில் கேட்கத்தான் விரும்பும், பாதாமியில் உள்ளூர்ப் பையன்கள் கன்னடத்தில் பேசுவார்கள். நீங்கள் ஆங்கிலத்தில் பேசினாலும், முக்கியமான இடங்களில் நிறுத்தி உள்ளூர் நண்பர் ஒருவர் இரண்டு வரி சொல்லும்படி வைத்துக்கொண்டால் அந்தப் பையன்களும் கேள்வி கேட்பார்கள். அங்கே வளர்ந்து அந்தப் பாறையிலேயே ஏறப் பழகியவர்கள் பின் வரிசையில் சும்மா உட்கார்ந்திருக்க, வெளியூரிலிருந்து வந்த நாம் மட்டும் பாதாமியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது எனக்கு ஒப்பாத விஷயம். முடிந்தால் அவர்களில் ஒருவருக்குப் பத்து நிமிடம் மேடை கொடுங்கள்.

படி 4: இடம்

நகரத்தில் ஏறும் ஜிம்மே நல்ல இடம், ஆட்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள், க்ராஷ் பேடில் (விழுந்தால் தாங்கும் மெத்தை) உட்கார்ந்துகொள்வார்கள், வாடகை குறைவு. ஆனால் கூரை உயரம் என்பதால் குரல் எதிரொலிக்கும், மின்விசிறி சத்தம் அதிகம், கை வழுக்காமலிருக்கப் பூசும் சாக் பொடி காற்றில் மிதக்கும். மைக் இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஏறுவதை அரை மணி முன்னால் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஹம்பி, பாதாமியில் தங்கும் விடுதியின் மொட்டை மாடியோ சாப்பாட்டுக் கூடமோ போதும். ஹம்பியில் ஏறுபவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆனேகுந்தி, சாணாப்பூர் சுற்றித்தான் தங்குகிறார்கள், பேச்சும் அங்கேயே இருக்கட்டும். "பாறை மேலேயே படத்தைப் போட்டுக் காட்டலாமே" என்று யாராவது உற்சாகமாகச் சொல்வார்கள், வேண்டாம். ஹம்பி உலகப் பாரம்பரியச் சின்னம், பாதாமி குகைகளும் தொல்லியல் துறை வசம் இருக்கின்றன, அங்கே நாம் பண்ணும் ஒரு தவறு மற்ற எல்லோருக்கும் ஏறும் அனுமதியைக் கெடுத்துவிடும். ராமநகராவில் பிணந்தின்னிக் கழுகுச் சரணாலயம் இருக்கிறது, அங்கே கூட்டமாகப் போவதாக இருந்தால் வனத்துறையிடம் முதலில் கேளுங்கள். திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைத்தால் இரவு 10 மணிக்கு அணைத்துவிட வேண்டும், அது சட்டம்.

படி 5: பணம்

ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள். உதாரணமாக ஹால் 5,000, புரொஜெக்டரும் மைக்கும் 3,000, டீ பிஸ்கட் 1,500, உங்கள் பயணப் பங்கு 2,500 என்றால் மொத்தம் 12,000. டிக்கெட் 200 ரூபாய் என்றால் 60 பேர் வந்தால்தான் கையைக் கடிக்காது. 60 பேர் வருவார்களா என்று உள்ளூர் ஆளிடம் கேளுங்கள், அவர் 40 என்றால் அவரை நம்புங்கள், ஹாலை விட்டுவிட்டு ஜிம்முக்கு மாறுங்கள். பாறை ஊர்களில் டிக்கெட் வைக்காமல் கடைசியில் கியூஆர் அட்டையை வைத்துவிடலாம். மிஞ்சும் பணத்தில் ஒரு பகுதி அந்த ஊர்ப் பாறையின் போல்ட் மாற்றும் வேலைக்குப் போகும் என்று முன்கூட்டியே அறிவித்தால் ஜனங்கள் தாராளமாகக் கொடுப்பார்கள், நீங்களும் மறக்காமல் கொடுத்துவிட வேண்டும்.

படி 6: படங்கள்

45 நிமிடத்துக்கு 60 படத்துக்கு மேல் வேண்டாம். வெயிலில் எடுத்த பாறைப் படங்கள் லேப்டாப்பில் அழகாக இருக்கும், மங்கலான புரொஜெக்டரில் நிழல் பகுதி முழுக்கக் கறுப்பாகிவிடும், அதனால் நிழலைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி இன்னொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சுவரின் முழுப்படத்தில் ஏறுபவர் ஒரு புள்ளியாகத்தான் தெரிவார். அந்தப் படத்தைப் போட்டு, ஒன்றும் சொல்லாமல் ஐந்து நொடி விட்டு, அடுத்த படத்தில் அந்தப் புள்ளியைச் சுற்றி வட்டம், அதற்கடுத்து அவருடைய விரல் பிடித்திருக்கும் விளிம்பு. இந்த மூன்று படங்கள் சொல்வதைப் பத்து நிமிடப் பேச்சாலும் சொல்ல முடியாது.

ஒரு ஏற்றம் எவ்வளவு கடினம் என்று சொல்லும் தரவரிசை எண்களை ஒருமுறை விளக்கிவிடுங்கள். பாதாமியில் பிரெஞ்சு முறை, போல்டரிங்கில் பெரும்பாலும் வி எண்கள், புதிதாக வந்தவருக்கு இரண்டும் குழப்பம். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்ட வீடியோ இருந்தால் பாட்டை எடுத்துவிடுங்கள், பொது நிகழ்ச்சியில் ஒலிக்க உரிமம் வேண்டும். யாராவது அடிபட்ட படம் இருந்தால் அவருடைய சம்மதம் இல்லாமல் காட்டவே கூடாது.

கோப்புகளை லேப்டாப், பென்டிரைவ், போன் என்று மூன்று இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சொந்த எச்டிஎம்ஐ கேபிள், உங்கள் லேப்டாப்புக்கான அடாப்டர், நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மாஸ்கிங் டேப், இந்த நான்கும் பையில் எப்போதும் இருக்கட்டும்.

படி 7: கையில் தொட்டுப் பார்க்க ஒன்று

இது என் தனிப்பட்ட பிடிவாதம், ஆனால் ஒருமுறை செய்து பாருங்கள். ஒரு அடி நீளமுள்ள இரண்டு கனமான மரப்பலகைகளை எடுத்து, நடுவில் 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, மேலும் கீழும் நீளமான போல்ட் போட்டு இறுக்குங்கள். ஒரு பாறை வெடிப்பு தயார். அதற்குள் இரண்டாம் எண் கேமை (பாறை வெடிப்புக்குள் விரிந்து பிடித்துக்கொள்ளும் கருவி), அதன் இழுவிசையை இழுத்துச் சுருக்கி, உள்ளே விட்டுக் கையை எடுங்கள். நான்கு பற்களும் விரிந்து மரத்தைக் கவ்விக்கொள்ளும். ஒருவர் பலகையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவரை இழுக்கச் சொல்லுங்கள். இழுக்க இழுக்க இன்னும் இறுகும், ஏனென்றால் நாம் கீழே இழுக்கும் விசையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விசையைக் கேம் ஒவ்வொரு பக்கச் சுவரிலும் தள்ளுகிறது. போல்ட் இறுக்கமாக இல்லாவிட்டால் பலகை விரிந்து கேம் பொத்தென்று வெளியே வந்துவிடும். அதையும் காட்டுங்கள், தளர்வான பாறையில் கேமை நம்பக்கூடாது என்பது அந்த நொடியிலேயே எல்லோருக்கும் புரிந்துவிடும்.

ஓய்வு பெற்ற கயிற்றில் ஒரு சாண் வெட்டி, மேலுறையைப் பிரித்து உள்ளே இருக்கும் வெள்ளை இழைகள் தெரியும்படி வரிசையில் அனுப்புங்கள். ஒற்றைக் கயிறு வகை ஒவ்வொன்றின் மாதிரியும் 80 கிலோ எடையைக் கடுமையாக விழவிட்டு, குறைந்தது ஐந்து விழுதலைத் தாங்கினால்தான் சோதனையில் தேறும் என்று அதே சமயம் சொன்னால், கையில் இழையைத் தடவிக்கொண்டே கேட்பார்கள். பிலே செய்வது (ஏறுபவரின் கயிற்றைக் கீழிருந்து பிடித்துக் காப்பது) எப்படி என்று மட்டும் மேடையில் கற்றுக்கொடுக்க ஆரம்பிக்காதீர்கள், அது பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, ஹார்னஸ் (இடுப்பில் கட்டும் பட்டை) போட்டுக் கற்க வேண்டியது.

படி 8: அன்றைக்கு

இரண்டு மணி நேரம் முன்னால் போங்கள். முதலில் புரொஜெக்டர், பிறகு மைக், கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து திரையைப் பாருங்கள். ஏழு மணிப் பேச்சு என்று போட்டால் ஏழே கால், அதற்கு மேல் தாமதிக்காதீர்கள், நேரத்துக்கு வந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை அது. 45 நிமிடம் பேச்சு, 20 நிமிடம் கேள்வி. முதல் கேள்வி பெரும்பாலும் தானாக வராது, அதனால் உள்ளூர் நண்பரிடம் ஒரு கேள்வி கொடுத்து வையுங்கள். முடிக்கும்போது "நாளைக் காலை ஆறரைக்கு நாங்கள் பாறைக்குப் போகிறோம், வருகிறவர்கள் இங்கே பெயர் கொடுங்கள்" என்று ஒரு தாளை நீட்டுங்கள். நகரத்தில் என்றால் அடுத்த வார இறுதிக்கு உள்ளூர்க் கிளப் போகும் பயணத்துக்கு அந்தத் தாள். புதியவர்களைக் கூட்டிப்போவதை அந்த ஊர்ப் பயிற்சியாளர் பொறுப்பில் விடுங்கள்.

படி 9: கிளம்பின பிறகு

இரண்டு நாளுக்குள் உள்ளூர் ஆளுக்கு மூன்று விஷயங்கள் போய்ச்சேர வேண்டும்: வரவு செலவுக் கணக்கு, நிகழ்ச்சிப் படங்கள், பெயர் கொடுத்தவர்களின் தாள். அடுத்த ஊருக்குப் போகும் ரயிலிலேயே பேச்சைத் திருத்துங்கள், எந்தப் படத்தில் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும், அதைத் தூக்கிவிடுங்கள். அடுத்த பருவத்துக்கு எந்த வாரம் வசதி என்று அவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள், ஜிம் நாட்காட்டிகள் செப்டம்பருக்குள் நிரம்பிவிடுகின்றன.