குவாட் வண்டிக்குப் பழைய பாகம்: ஆன்லைனில் ஆர்டர் போடும் முன்

குவாட் (கரடுமுரடான பாதையில் ஓட்டும் நான்கு சக்கர பைக், ஏடிவி) வைத்திருப்பவருக்குக் கை சும்மா இருக்காது. பின் சக்கரம் இன்னும் கொஞ்சம் அகலமாக நின்றால் வளைவில் வண்டி தூக்காதே, சைலென்சர் மாற்றினால் இழுவை கூடுமே என்று அரித்துக்கொண்டே இருக்கும். புதுப் பாகத்தின் விலையைப் பார்த்தால் ஆசை அடங்கும். பழைய பாகம் விற்கும் தளங்களைத் திறந்தால் மறுபடி கிளம்பும். என்னுடைய ஹோண்டா டிஆர்எக்ஸ் 400இஎக்ஸில் பின் ரிம், சைலென்சர் இரண்டும் அப்படி வந்தவைதான். அந்த வேலையை வரிசையாக எழுதுகிறேன். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றவும், எந்த நட்டை எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்றும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. உங்கள் வண்டி எந்த வருஷத்து வண்டி?

விற்றவர் சொன்ன வருஷத்தை நம்பாதீர்கள். சேஸிஸ் நம்பர் 17 எழுத்து இருந்தால் அதில் 10ஆவது எழுத்துதான் மாடல் வருஷம். 2001 முதல் 2009 வரை 1 முதல் 9 வரை இலக்கம். 2010க்கு ‘ஏ’, 2011க்கு ‘பி’ என்று அப்படியே போகும். இதை ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், 400இஎக்ஸுக்கு 2005இல்தான் ரிவர்ஸ் கியர் வந்தது. வெளியிலிருந்து பார்க்க ஒரே வண்டி போலத் தெரியும். 2004 எஞ்சினின் உள்பாகத்தை 2006க்கு வாங்கினால் மூலையில் கிடக்கும்.

அடுத்து பார்ட் நம்பர். ஹோண்டாவில் அது 5-3-3 என்று மூன்று துண்டாக இருக்கும். முதல் ஐந்து, என்ன பாகம் என்பது. நடு மூன்று, எந்த மாடலுக்காக முதலில் செய்தார்கள் என்பது: 400இஎக்ஸுக்கு எச்என்1, டிஆர்எக்ஸ் 450ஆர்-க்கு எச்பி1. தேடும் பெட்டியில் மாடல் பெயரைப் போடாமல் இந்த நம்பரைப் போடுங்கள். பாகம் என்னவென்றே தெரியாமல் விற்பவர்கள் உண்டு; அவர்களும் பெட்டியில் ஒட்டியிருக்கும் நம்பரை மட்டும் பார்த்து எழுதிவிடுவார்கள். மலிவாகக் கிடைப்பது அங்கேதான்.

சுசூகி எல்டி-இசட் 400 வைத்திருப்பவர்களுக்கு ஒரு சலுகை. கவாஸாகி கேஎஃப்எக்ஸ் 400, ஆர்க்டிக் கேட் டிவிஎக்ஸ் 400 இரண்டும் அதே வண்டிதான், பிளாஸ்டிக்கும் ஸ்டிக்கரும்தான் வேறு. மூன்று பெயரிலும் தேடுங்கள். ஆனால் 2009 முதல் எல்டி-இசட் கார்புரேட்டரை விட்டு ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டது. எரிபொருள், மின்சாரம் சம்பந்தப்பட்ட எதையும் அந்தக் கோட்டைத் தாண்டி வாங்காதீர்கள்.

2. எதைப் பழசாக வாங்கலாம்?

பிளாஸ்டிக், ரேக், பம்பர், ரிம், ஹப் (ரிம்மை மாட்டும் நடுப்பாகம்), ஸ்விங்ஆர்ம் (பின் ஆக்ஸிலைத் தாங்கும் கை), கம்பெனி சைலென்சர்: தாராளமாக. பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், பேரிங், பிரேக் ஹோஸ், ஹெல்மெட்: இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். நடுவில் இருப்பது சிடிஐ (ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி), ஸ்டேட்டர் (மின்சாரம் தயாரிக்கும் சுருள்) போன்ற மின்பாகங்கள். இவற்றைப் பெரும்பாலானவர்கள் திருப்பி எடுக்கமாட்டார்கள். ஸ்டேட்டர் என்றால், மல்டிமீட்டரை வைத்து ரெசிஸ்டன்ஸ் அளந்த படம் கேளுங்கள். சர்வீஸ் மேனுவலில் இருக்கும் அளவோடு ஒப்பிடலாம். படம் அனுப்ப மறுத்தால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

பின் ஆக்ஸில் வாங்குகிறவர்கள், அதைச் சமதளத்தில் உருட்டி ஒரு வீடியோ கேளுங்கள். வளைந்த ஆக்ஸில் உருளும்போது நடுவில் வெளிச்சம் ஏறி இறங்குவது நன்றாகவே தெரியும். ஷாக் என்றால் ராடைக் கிட்டத்தில் எடுத்த படம். குரோமில் புள்ளி புள்ளியாகத் துரு அரித்திருந்தால் புது சீல் போட்டாலும் கிழிந்துவிடும்.

3. ரிம்

இங்கேதான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

டயரில் 20×10-9 என்று இருந்தால் உயரம் 20 இன்ச், அகலம் 10, ரிம் விட்டம் 9. அது எல்லோருக்கும் புரியும். புரியாதது போல்ட் பேட்டர்ன். 4/110 என்றால் நான்கு துளை, அவற்றின் நடுப்புள்ளிகள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம் 110 மிமீ. 400இஎக்ஸில் பின்னால் 4/110, முன்னால் 4/144. யமஹா ராப்டர் 700இல் முன்னால் அதே 4/144, பின்னால் 4/115. இரண்டுக்கும் பின் டயர் 20×10-9தான். படத்தில் இரண்டு ரிம்மும் அச்சு அசல் ஒன்று போலவே இருக்கும்.

வித்தியாசம் 5 மிமீ, அதாவது ஒவ்வொரு துளையும் மையத்திலிருந்து இரண்டரை மிமீதான் தள்ளி இருக்கிறது. ஆபத்தே அதில்தான். துளை கொஞ்சம் தளர்வாக இருந்தால் தட்டிக்கொட்டி ஏற்றிவிடலாம், நட்டும் பிடிக்கும். ஆனால் கூம்பு வடிவ நட் துளையின் சரிவில் முழுதாக உட்காராமல் ஒரு ஓரத்தில் மட்டும் கடிக்கும். ஸ்டட் (ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டு நட்டைத் தாங்கும் போல்ட்) வெளிப்பக்கம் வளைந்து நிற்கும். கொஞ்ச தூரம் ஓடினால் நட் தளரும், துளை முட்டை வடிவத்துக்குத் தேயும், கடைசியில் ஸ்டட் அறுந்து சக்கரம் தனியாகப் போகும்.

அளக்கும் விதம்: ரிம்மைக் கவிழ்த்து, பின்பக்கத்தில் அளவு எடுங்கள். முன்பக்கம் துளை சரிவாக அகன்றிருப்பதால் ஓரம் எது என்று பிடிபடாது. நேர் எதிரே இருக்கும் இரண்டு துளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நடுப்புள்ளியைக் கண்ணால் தேடவேண்டாம். ஒரு துளையின் இடது விளிம்பிலிருந்து மற்றதன் இடது விளிம்பு வரை அளந்தால் அதுவேதான் நடுவிலிருந்து நடு. டேப்பை விட வெர்னியர் நல்லது. 110ஆ 115ஆ என்று சந்தேகமே வராது.

பிறகு ஆஃப்செட். 5+2 என்றால் ஹப்பில் ஒட்டும் தகட்டிலிருந்து உள்பக்கம் 5 இன்ச், வெளிப்பக்கம் 2. அதையே 4+3 ஆக்கினால் சக்கரம் பக்கத்துக்கு ஒரு இன்ச் வெளியே வரும், மொத்தத்தில் வண்டி 2 இன்ச் அகலும். சிலர் இந்த இரண்டு எண்ணையும் மாற்றி எழுதுவார்கள். அதனால் “உள்பக்கம் எத்தனை இன்ச்?” என்றே கேளுங்கள். வெளியே தள்ளத் தள்ள பேரிங் மேல் சுமை கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். என் கருத்தில் பக்கத்துக்கு ஒரு இன்ச் போதும்.

4. விற்பவரிடம்

தளத்தில் போட்ட படத்தை விடுங்கள். ஒரு தாளில் அன்றைய தேதியும் உங்கள் பெயரும் எழுதி, பாகத்தின் மேல் வைத்து எடுத்த படம் கேளுங்கள். ரிம் என்றால் உள் விளிம்பு, நான்கு துளைகள், ஹப் உட்காரும் இடம் மூன்றையும் கிட்டத்தில் காட்டச் சொல்லுங்கள். புதுசாக பெயின்ட் அடித்த அலாய் ரிம் என்றால் எனக்கு உடனே சந்தேகம். அடியில் வெல்டிங் இருக்கலாம். அழுக்கோடு அனுப்புகிறவரிடம் நம்பி வாங்குவேன். தளத்துக்கு வெளியே நேராகப் பணம் அனுப்பினால் ஐந்து சதவீதம் குறைக்கிறேன் என்பவரிடம் பேச்சே வேண்டாம். பெட்டி வந்ததும் பிரிப்பதை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள், முகவரி லேபிள் தெரிய.

5. மாட்டுவது

ஸ்டட்டைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, நட்டைக் கையால் முழுதாக ஏற்றுங்கள், பிறகுதான் ரென்ச். குறுக்கு வாட்டில் இறுக்குங்கள். டார்க் ரென்ச் (எவ்வளவு இறுக்கம் என்று அளவு காட்டும் ரென்ச்) இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். கம்பெனி இரும்பு ரிம்மின் நட்டை அலாய்க்கு அப்படியே போடக்கூடாது. சரிவு பொருந்துகிறதா என்று பார்த்து மாற்றுங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் மறுபடி இறுக்கம் பாருங்கள்.

காற்று பெரும்பாலும் 10 பிஎஸ்ஐக்கும் கீழே. கார் கேஜில் அந்த இடத்தில் முள் அசைவதே தெரியாது. குறைந்த அழுத்தம் காட்டும் கேஜ் தனியாக வாங்குங்கள்.

6. சைலென்சர் மாற்றினால்

வெளியே போகும் வழி திறந்தால் உள்ளே எரிபொருளும் கூடவேண்டும். கார்புரேட்டர் வண்டியில் பெரிய மெயின் ஜெட் (எரிபொருள் அளவை முடிவு செய்யும் சின்னத் துளைத் திருகு) போடாமல் ஏர்பாக்ஸ் மூடியையும் கழற்றிவிட்டு ஓட்டினால் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். பிஸ்டன் போகும் வழி அது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் படபடவென்று வெடிப்பது முதல் அறிகுறி. ஒவ்வொரு அளவாகக் கூட்டிப் பாருங்கள். மிகுனி ஜெட்டின் எண்ணும் கெய்ஹின் ஜெட்டின் எண்ணும் ஒன்றல்ல. எண் ஒத்துப்போகிறது என்று மாற்றி வாங்காதீர்கள்.

ஜப்பான் கார்புரேட்டர் திருகுக்கு சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போட்டால் தலை வழுக்கி மழுங்கும். ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) ஸ்க்ரூடிரைவர் என்று கேட்டு வாங்குங்கள். என் பெட்டியில் எதை இரவல் கொடுத்தாலும் அதைக் கொடுக்கமாட்டேன்.

பின்சேர்க்கை 1: ஒரு வாசகர் 4/110 என்று விளம்பரம் பார்த்து, டேப் வைத்த படமும் கேட்டு வாங்கியிருக்கிறார். படத்தில் 110 மிமீ சரியாகவே தெரிந்தது. வந்த ரிம் ஏறவில்லை. படத்தை எனக்கு அனுப்பியபோதுதான் புரிந்தது: விற்றவர் எதிர்த் துளையை விட்டுவிட்டுப் பக்கத்துத் துளைக்கு அளந்திருக்கிறார். நான்கு துளை ரிம்மில் பக்கத்துத் துளை தூரத்தை 1.414ஆல் பெருக்கினால்தான் விட்டம் வரும். 110ஐப் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 156. அது போலாரிஸ் ரிம்! உண்மையான 4/110இல் பக்கத்துத் துளை தூரம் 78 மிமீக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். ஆகவே படத்தில் டேப் மையத் துளையைக் குறுக்கே தாண்டிப் போகிறதா என்று பாருங்கள்.

பின்சேர்க்கை 2: அடாப்டர் போட்டு அந்த ரிம்மையே மாட்டலாமா என்று கேட்கிறார்கள். மாட்டலாம், ஹப்பில் தனி நட்டால் இறுக்கும் வகையாக இருந்தால். ஆனால் அடாப்டரின் தடிமனும் ஆஃப்செட்டில் சேரும். ஒரு இன்ச் அடாப்டரும் 4+3 ரிம்மும் சேர்ந்தால் பக்கத்துக்கு 2 இன்ச் வெளியே நிற்கும்; ஃபெண்டர் மறைக்காது, சேறு முழுக்க உங்கள் முதுகில்தான்.