சேலத்தில் இருந்துகொண்டு லிங்க்ட்இன்னில் வேலை தேடுவது எப்படி

தொழில் தொடர்புகளுக்கான வலைத்தளமான லிங்க்ட்இன்னில் வேலை தேடும்போது ஊர்ப்பெயர் கேட்கும் இடத்தில் ‘சேலம்’ என்று மட்டும் அடித்துப் பாருங்கள், அமெரிக்காவில் ஓரிகான் மாநிலத்தின் தலைநகராக இருக்கும் இன்னொரு சேலமும் கூடவே வந்து நிற்கும். என் சித்தி மகள் அதைக் கவனிக்காமல் தேர்ந்தெடுத்துவிட்டு, மூன்று வாரம் அந்த ஊர் வேலைகளையே மின்னஞ்சலில் பார்த்துக்கொண்டிருந்தாள், பி.காம். படித்தவர்களுக்கு நம் ஊரில் வேலையே இல்லை என்று முடிவும் கட்டிவிட்டாள். அதனால் முதல் காரியம், சேலம், தமிழ்நாடு, இந்தியா என்று முழுதாக வருவதைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் ஓசூர், கோவை, பெங்களூரு மூன்றுக்கும் தனித்தனியாக ஜாப் அலர்ட் (புது வேலை வந்தால் தெரிவிக்கும் வசதி) வையுங்கள், ஏனென்றால் சேலம் என்று போட்டு வரும் வேலைகள் குறைவு, ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் ஐ.டி. பூங்கா இருந்தாலும் பெரிய கம்பெனிகளின் ஆள் எடுக்கும் பிரிவு பெரும்பாலும் வேறு ஊரில்தான் உட்கார்ந்திருக்கிறது.

நான் 2018-இல் ஒரு சின்ன சி.என்.சி. (கணினி கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்) பட்டறையில் தர ஆய்வில் இருந்தேன், டிப்ளமோ மெக்கானிக்கல். சம்பளம் ஏறவில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்து லிங்க்ட்இன்னிலேயே மனுப் போடும் ‘ஈஸி அப்ளை’ பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பேன், ஒரே இரவில் நாற்பது கம்பெனிகளுக்குக்கூடப் போட்டிருக்கிறேன். ஒரு பதிலும் வரவில்லை. கடைசியில் வேலை வந்தது வேறு வழியில். எங்களுக்கு ஆர்டர் கொடுத்த ஒரு கம்பெனியிலிருந்து சரக்கைச் சோதிக்க இரண்டு முறை வந்து போன ஒருவர் இருந்தார், மாலை ஷிஃப்டில் மட்டும் ஒரு புஷ்ஷின் (குழாய் வடிவ உதிரிபாகம்) உள்விட்டம் கூடிப்போவது மெஷின் சூடேறுவதால்தான் என்று நான் அளந்து காட்டியதை அவர் பார்த்திருந்தார். அவர் ஓசூருக்கு மாறிவிட்டதை லிங்க்ட்இன்னில் பார்த்து நான்கு வரி எழுதினேன். இரண்டே மாதத்தில் அங்கே சேர்ந்தேன்.

அந்தத் தளத்தை வேலைக்கு மனுப் போடும் இடமாக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று எல்லோரிடமும் நான் சொல்வது அதனால்தான். உங்களை ஓரளவு தெரிந்தவர்கள், ஆனால் தினமும் பேசாதவர்கள், அவர்களுக்கு நீங்கள் என்ன வேலை தெரிந்தவர் என்பது தெரிய வேண்டும். இது என் அனுபவம் மட்டும் இல்லை. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-லேயே இதைப் பற்றி எழுதினார்: நெருங்கியவர்களுக்குத் தெரிந்த சேதி நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும், லேசாகப் பழகியவர்கள்தான் நமக்குத் தெரியாத இடத்துச் சேதியைக் கொண்டு வருகிறார்கள். 2022-இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு லிங்க்ட்இன்னில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களை வைத்து இதைச் சோதித்தது, பொதுவாக அவர் சொன்னது சரி என்று வந்தது. அதில் இன்னொன்றும் இருந்தது, நம் ஊருக்கு அதுதான் முக்கியம்: கணினி சார்ந்த தொழில்களில் லேசான பழக்கம் அதிகம் உதவுகிறது, அப்படி இல்லாத தொழில்களில் நெருங்கிய பழக்கமே அதிகம் உதவுகிறது. நீங்கள் சாஃப்ட்வேர் பக்கம் என்றால் தைரியமாக வெளி வட்டத்துக்குப் போங்கள். ஸ்டீல், ஜவுளி, கணக்கு, ஓட்டல் என்றால் கூட வேலை பார்த்தவர்களையும் பழைய மேஸ்திரியையும் சப்ளையரையும் முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அவர்கள் வந்து பார்க்கும்போது உங்கள் லிங்க்ட்இன் பக்கத்தில் ஏதாவது இருக்க வேண்டுமே. பலர் பெயருக்குக் கீழே வரும் ஹெட்லைனில் ‘நல்ல வாய்ப்பைத் தேடுகிறேன்’ என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே 220 எழுத்துகள் கிடைக்கின்றன, அத்தனையும் வீண். ஆள் எடுப்பவர் ‘வாய்ப்பைத் தேடுபவர்’ என்று அடித்துத் தேடுவதில்லை. அவர் கணக்கு சாஃப்ட்வேரான டேலி என்று அடிப்பார், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் என்று அடிப்பார், அளவு சோதிக்கும் மெஷினான சி.எம்.எம். என்று அடிப்பார். அந்தச் சொல் உங்கள் பக்கத்தில் இருந்தால்தான் நீங்கள் அவர் கண்ணில் படுவீர்கள்.

சித்தி மகள் கதையையே சொல்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள், ஆனால் ப்ரொஃபைலில் அது இல்லவே இல்லை, கேட்டால் “அது சும்மா கணக்கு எழுதினதுதானே” என்றாள். உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். கொலுசு வியாபாரிகள், ஜவ்வரிசி மில், இரண்டு ஜவுளிக் கடை என்று பதினொரு பேருடைய கணக்கு அவள் கையில் இருந்திருக்கிறது. மாதாமாதம் ஜி.எஸ்.டி.ஆர்.-1, 3பி என்ற ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்கள் போட்டிருக்கிறாள், வரிப் பிடித்தமான டி.டி.எஸ். பார்த்திருக்கிறாள், சரக்கு அனுப்புவதற்கான இ-வே பில் எடுத்திருக்கிறாள், உள்ளீட்டு வரி ஒத்துப்போகாத இடத்தைக் கண்டுபிடித்து சப்ளையருக்கு போன் போட்டுச் சரிசெய்திருக்கிறாள். இதில் எது சும்மா? இதையெல்லாம் அப்படியே ஹெட்லைனிலும், 2,600 எழுத்து வரை எழுத இடம் இருக்கும் ‘அபவுட்’ பகுதியிலும் போட்டோம். கடும் உழைப்பாளி, குழுவாக வேலை செய்வேன் என்ற வரிகளை எடுத்துவிட்டோம், அவை எல்லோர் பக்கத்திலும் இருக்கின்றன. அதே ஆடிட்டரிடம் முன்பு வேலை பார்த்து இப்போது கோவையில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் இருக்கும் அக்காவுக்குச் செய்தி அனுப்பினாள், வேலையும் அங்கேதான் கிடைத்தது.

நீங்களும் இப்படியே செய்யுங்கள். யாருக்காக, எத்தனை, எந்தக் கருவியில், என்ன மாறியது என்று நான்கு கேள்விக்குப் பதில் எழுதினால் போதும். ஏற்காட்டில் ரிசார்ட்டில் முன்வரவேற்பில் இருப்பவர் எத்தனை அறை, எந்த புக்கிங் சாஃப்ட்வேர், சீசனில் கோடை விழா வாரத்தை எப்படிச் சமாளித்தார் என்று எழுதலாம். காபித் தோட்டத்தில் பதப்படுத்தும் வேலை தெரிந்தவர்கள் அதைக் கட்டாயம் எழுத வேண்டும், காபி வாரியத்தின் தலைமையகமும் பெரிய காபிக் கம்பெனிகள் பலவும் பெங்களூருவில்தான் இருக்கின்றன, இங்கே சாதாரணமாகத் தோன்றும் அனுபவம் அங்கே தேடப்படுவது.

ஆள் தேடுவதற்கு ஒரு நல்ல வழி, கல்லூரிப் பக்கம். உங்கள் கல்லூரியின் லிங்க்ட்இன் பக்கத்துக்குப் போய் ‘அலும்னி’ (முன்னாள் மாணவர்கள்) என்பதைத் திறந்தால் எந்த ஊரில் இருக்கிறார்கள், எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று பிரித்துப் பார்க்கலாம். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி 1966-இல் தொடங்கியது என்றால் எத்தனை செட் வெளியே போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பாலிடெக்னிக் ஆட்களும் தயங்க வேண்டாம், நான் எழுதிப் பதில் வந்ததில் பாதிப் பேர் என் பாலிடெக்னிக் சீனியர்கள். அவர்களுக்கு ‘அண்ணா’ என்று எழுதினாலே போதும், தெரியாத எச்.ஆர். என்றால் பெயர் சொல்லி மரியாதையாக எழுதுங்கள், ‘ரெஸ்பெக்டட் சார் ஆர் மேடம்’ என்று தொடங்கினால் நூறு பேருக்கு அனுப்பிய கடிதம் என்று நினைத்துவிடுவார்கள்.

இலவசக் கணக்கில் குறிப்போடு அழைப்பு அனுப்ப மாத வரம்பு வைத்திருக்கிறார்கள், அதனால் அதைக் கண்டவருக்கும் செலவழிக்காதீர்கள். குறிப்பில் ‘வேலை வாங்கித் தாருங்கள்’ என்று ஆரம்பிக்காதீர்கள். நான் அனுப்பியது ஏறக்குறைய இப்படி: “அண்ணா, நான் உங்களுக்கு ஐந்து வருடம் ஜூனியர், சேலத்தில் தர ஆய்வில் இருக்கிறேன். உங்கள் பிளான்டில் சி.எம்.எம். தெரிந்தவர்களை எடுக்கிறார்களா, அதற்கு முன்னால் நான் என்ன கற்றுக்கொண்டு வர வேண்டும்?” பதில் சொல்ல அவருக்கு இரண்டு நிமிடம் போதும், அதனால் பதில் வந்தது. வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒருமுறை நினைவூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

இப்போது ஒரு வேலையில் இருந்துகொண்டே தேடுபவர்களுக்கு: வேலை தேடுகிறேன் என்று காட்டும் ‘ஓப்பன் டு வொர்க்’ என்பதில் இரண்டு வகை இருக்கிறது. எல்லோருக்கும் தெரியும்படி வைத்தால் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வந்துவிடும், சேலம் ஐந்து ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே முதலாளி காதுக்குப் போய்விடும். ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கம்பெனியின் எச்.ஆருக்குத் தெரியாமல் மறைக்கப் பார்ப்போம், முழு உத்தரவாதம் தர முடியாது என்று லிங்க்ட்இன்காரர்களே சொல்கிறார்கள், அதையும் மனதில் வையுங்கள். ப்ரொஃபைலைத் திருத்துவதற்கு முன் மாற்றங்களைத் தொடர்புகளுக்குத் தெரிவிக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள்.

லிங்க்ட்இன் மட்டும் போதாது. நௌக்ரி என்ற வேலைத் தளத்தில் ரெஸ்யூமை அடிக்கடி புதுப்பியுங்கள், தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையத்திலும் பதிந்து வையுங்கள், இலவசம்தான்.

மோசடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலை இல்லாமல் இருக்கும்போது கண் மறைந்துவிடுகிறது. பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது வேலை இல்லை. டெலிகிராமுக்கு வரச் சொல்லி, வீடியோவுக்கு லைக் போட்டால் பணம் என்று முதலில் நூறு இருநூறு கொடுத்துவிட்டுப் பிறகு லட்சங்களைப் பிடுங்குவார்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று கூட்டிப் போய் மியான்மர், கம்போடியா மோசடிக் கூடங்களில் அடைத்து வைத்த கொடுமையில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் சிக்கினார்கள். வெளிநாட்டு வேலை என்றால் அந்த ஏஜெண்ட் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள், சுற்றுலா விசாவில் வா, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் போகவே போகாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

வேலை கிடைத்துச் சேர்ந்ததும் ஜாப் அலர்ட்டையும் ஓப்பன் டு வொர்க்கையும் அணைத்துவிட்டு, பதில் சொன்ன ஒவ்வொருவருக்கும், அவர் மூலம் வேலை கிடைக்காமல் போயிருந்தாலும்கூட, இன்ன இடத்தில் சேர்ந்துவிட்டேன் அண்ணா என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.