மலைக்குப் போகும் கணக்கில் கடலுக்குப் போகாதீர்கள்

கொங்கு நாட்டில் வளர்ந்த யாருக்கும் மலையேற்றம் புதிதல்ல. மாசி பிறந்தால் பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் இரவோடு இரவாக ஏறி இறங்குகிறோம். டாப்சிலிப்பும் வால்பாறையும் கொல்லிமலையும் நமக்குப் பழகிய இடங்கள். கடல்தான் தூரம். அதனால் சனி, ஞாயிறில் கடலோரம் போய்க் கூடாரம் போட்டு நடந்துவிட்டு வரலாம் என்று கிளம்பும்போது, மலைக்குச் செய்யும் ஏற்பாட்டையே பையில் கட்டிக்கொண்டு போகிறோம். காங்கேயத்திலிருந்து உறவினர்களும் நண்பர்களுமாக மன்னார் வளைகுடாக் கரைக்கு நான்கு முறை போய்வந்திருக்கிறேன். நாங்கள் செய்த தவறுகளும் மற்றவர்கள் செய்யக் கண்ட தவறுகளும் பெரும்பாலும் இந்த ஒரு வேரிலிருந்து கிளம்பியவைதான்.

தீவில் கூடாரம் கிடையாது

வெளிநாட்டுக் கடலோரப் பூங்காக்களில் அலைக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்திருக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வது முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறைக் கடலுமாக 560 சதுர கிலோமீட்டர். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் அதற்குள் நுழைவதே குற்றம். வனத்துறை சுற்றுலாவுக்குத் திறந்துவிட்டிருக்கும் இடங்களுக்கு, அவர்கள் அனுமதித்த படகில், பகலில் போய்த் திரும்பலாம். அவ்வளவுதான்.

முதல் பயணத்தில் எங்களுக்கு நேர்ந்ததும் இதுதான். 'தீவில் ஓர் இரவு' என்று விளம்பரம் செய்த ஒருவரிடம் எட்டுப் பேருக்கு முன்பணம் கட்டியிருந்தோம். மாலையில் படகுத்துறைக்குப் போனதும் அனுமதிச் சீட்டைக் கேட்டார்கள். அப்படி ஒன்று வாங்கப்படவே இல்லை. முன்பணம் வாங்கியவர் போனை எடுக்கவில்லை. இரண்டு குழந்தைகளோடு இரவு பதினொரு மணி வரை ராமநாதபுரத்தில் விடுதி தேடி அலைந்தோம். பணம் போனதைவிட வேறொன்று இன்றும் எனக்கு உறுத்துகிறது. அன்று யாரும் தடுக்காமல் தீவில் இறங்கியிருந்தால், நாங்கள் அங்கே இருப்பது கரையில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

அனுமதி என்பது வெறும் காகிதமல்ல. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போய்க் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்தவர்களில் ஈரோடு பக்கத்திலிருந்து போனவர்களும் இருந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வழிகாட்டியோடு போகக்கூடிய 40 பாதைகளை அரசே அறிவித்தது. அனுமதிப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது என்றால், மாலையில் நீங்கள் திரும்பவில்லை என்பதைக் கவனிக்க ஓர் ஆள் இருக்கிறார் என்று பொருள். கடலுக்கும் இதே கணக்குதான்.

கூடாரத்தில் தூங்கியே ஆக வேண்டும் என்றால் பூங்கா எல்லைக்கு வெளியே, மண்டபம் பக்கத்துக் கிராமங்களில் தோப்பு வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் போடுங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இலங்கைக்கு அருகில் இருக்கும் கரை இது. இரவில் டார்ச் அடித்துக்கொண்டு திரிபவர்களைக் கடலோரப் போலீஸார் விசாரிப்பார்கள். அது அவர்கள் கடமை. ஆளுக்கொரு அடையாள அட்டை கையில் இருக்கட்டும். தனுஷ்கோடியில் இரவு தங்கும் எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள். மாலையானதும் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எந்தக் கடல், எந்தக் காற்று

வெள்ளியங்கிரிக்கு மாதம் பார்த்துப் போகிறோம். கடலுக்கு யாரும் பார்ப்பதில்லை. பாம்பன் தீவில் தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், வடக்கே இருக்கும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் சொல்கிறார்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஆண் கடல் பொங்கும். பெண் கடல் குளம் போலக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று திரும்பியதும் பெண் கடலின் முறை வரும். ஒரே தீவில் சில கிலோமீட்டர் இடைவெளியில் இவ்வளவு வேறுபாடு இருப்பதை நேரில் பார்க்கும் வரை நான் நம்பவில்லை.

இதை அறிய நமக்கு ஓர் அடையாளம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகளை விசையாகச் சுற்றுவதும் அதே தென்மேற்குக் காற்றுதான். ஆனி, ஆடியில் நம் தோட்டத்துத் தென்னை வளைகிறது என்றால், மன்னார் வளைகுடாவில் படகேறும் திட்டத்தைத் தள்ளிவையுங்கள். அந்த மாதங்களில் போவதாக இருந்தால் பாக் நீரிணைப் பக்கம், தொண்டிக்கு அருகிலுள்ள காரங்காட்டுக்குப் போகலாம். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையின் படகில் போய்வர வசதி இருக்கிறது. ஆண் கடலுக்கு உகந்தது தை, மாசி. காற்று அடங்கி, தண்ணீரும் தெளிந்திருக்கும்.

ஆனால் காற்று மட்டும் பார்த்தால் போதாது. வெகு தொலைவில், தென் இந்தியப் பெருங்கடலில் எழும் அலைகள் சில நாட்கள் கழித்து நம் கரைக்கு வந்து சேர்வதுண்டு. இங்கே இலைகூட அசையாது. கடல் திடீரென்று உள்ளே ஏறும். இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரைக் கடல் கொண்டுபோனது. அந்த நாளுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் கடலோர மாவட்டங்களுக்கு இந்த எச்சரிக்கைகளைத் தொடர்ந்து வெளியிடுகிறது. கிளம்புவதற்கு முதல் நாள் அதைப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் ஆகும். நம் ஊர்ச் செய்திகளில் மழை அறிவிப்பு வரும், அலை அறிவிப்பு அநேகமாக வராது. நாமாகத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

பிறையையும் பாருங்கள். இரண்டாம் பயணத்தில் தோப்பின் ஓரத்தில், மணல் சமமாக இருந்த இடத்தில் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தோம். வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து, "இன்று என்ன பிறை?" என்று கேட்டார். எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அமாவாசை விரதம் தவறாத அம்மாயி மட்டும் காருக்குள் இருந்தபடியே, "மூன்றாம் பிறைங்க" என்றார். அப்படியானால் இந்த இடம் வேண்டாம் என்று சொல்லி, காய்ந்த பாசி ஒதுங்கியிருந்த கோட்டைக் காட்டி, அதற்கும் மேலே எங்களை ஏற்றிவிட்டார் அந்தப் பெரியவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் கூடுதலாக ஏறும். நாளுக்கு இரண்டு முறை ஏறும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்தக் கரையில் ஏற்றம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனாலும் கரை தட்டையாக இருப்பதால் அந்த ஒரு மீட்டரே வெகுதூரம் பரவும். விடியற்காலையில் நாங்கள் முதலில் பார்த்த இடம் ஈரமாக இருந்தது.

தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை நாட்களில் ராமேஸ்வரத்தில் நிற்க இடமிருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மணலில் நடப்பது வேறு

தனுஷ்கோடி நடை இந்தப் பயணத்தின் சிறந்த பகுதி. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவுப் புயலில் ஒரு ரயிலே பயணிகளோடு போன ஊர் அது. இடிந்த தேவாலயத்தின் சுவர்களுக்கு முன்னால் நிற்கும்போது பேச்சு வராது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர்; 2017இல் சாலை திறந்துவிட்டார்கள். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, ஏழு மலை ஏறிய காலுக்கு இது எம்மாத்திரம் என்று நம்மவர்கள் காலை பத்து மணிக்குக் கிளம்புகிறார்கள். அங்கேதான் ஏமாறுகிறோம். உலர்ந்த மணலில் நடக்கக் கெட்டியான தரையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் உழைப்பு தேவை. வெள்ளியங்கிரியில் பாதி வழி மர நிழல்; களைத்தால் கல்லில் உட்காரலாம். இங்கே ஒரு மரம் கிடையாது. வெயில் மேலிருந்தும் அடிக்கும், மணலிலும் நீரிலும் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும். கடல்காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் உடம்பு வறள்வது தெரியாது. எங்களோடு வந்த பெரியப்பா மகன், தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுபவர், ஆறாவது கிலோமீட்டரில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார்.

விடிந்ததும் நடக்கத் தொடங்குங்கள். அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணலில் நடங்கள், கால் புதையாது. ஒன்பது மணிக்குள் முனையைத் தொட்டுவிட்டு, திரும்பும்போது பஸ் ஏறிவிடுங்கள். இரண்டு வழியும் நடப்பதில் எந்தப் பெருமையும் இல்லை. முனையில் இரு கடலும் சேர்வதால் நீரோட்டம் கடுமை. கணுக்கால் அளவுக்குக்கூட இறங்க வேண்டாம் என்பேன். ஆழமில்லாத வேறு கரைகளில் இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடந்தால், புதைந்துகிடக்கும் திருக்கை விலகிப் போய்விடும். சொறிமுட்டை (ஜெல்லி மீன்) தீண்டினால் நல்ல தண்ணீரை ஊற்றாதீர்கள், எரிச்சல் கூடும். கடல்நீரிலேயே கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

மலைக்குப் போடும் கனமான ஷூ இங்கே மணல் மூட்டையாகிவிடும். வெறுங்காலும் கூடாது. ராமநாதபுரம் முழுக்கச் சீமைக்கருவேலம். அதன் முள் கடற்கரை மணலிலும் கிடக்கும். நம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் வெள்ளைவேல முள் தைத்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பின்வார் வைத்த செருப்பு போதும்.

தண்ணீர் விஷயத்தில் நாம் செல்லமாக வளர்ந்தவர்கள். சிறுவாணியைக் குடித்த நாக்குக்கு அந்த மாவட்டத்துக் கிணற்று நீர் இறங்காது, பெரும்பாலும் உவர்ப்பு. பவானிக் கூடுதுறையைக் கடந்து ஓடும் நம் காவிரியைத்தான் திருச்சிப் பக்கத்திலிருந்து குழாயில் அங்கே கொண்டுபோகிறார்கள். ஊர்ப் பெண்கள் குடத்தோடு காத்திருந்து பிடிக்கும் அந்தத் தண்ணீரில் போய்ப் பங்கு கேட்காதீர்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று கணக்குப் போட்டு, கேனில் வீட்டிலிருந்தே ஏற்றிக்கொள்ளுங்கள்.

கூடாரத்துக்கு வருகிறேன். கடையில் தரும் முளைக்குச்சி மணலில் நிற்காது. ஆட்டைக் கட்டுவதுபோல அடித்துவைத்தால், இரவு ஒரு மணிக்குக் காற்று வந்து உருவிக்கொண்டு போய்விடும். காங்கேயத்தில் தேங்காய்க் களம் வைத்திருக்கும் என் மச்சான் சொன்ன வழிதான் நின்றது. நான்கு சாக்குகளை எடுத்துப்போய், மணல் நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழம் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும். வாசலைக் காற்றுக்கு எதிராக வைக்கக் கூடாது. கம்பளி தேவையில்லை, புழுக்கமும் கொசுவும்தான் அங்கே தொல்லை. தென்னை மரத்துக்கு நேர் கீழே போடாதீர்கள் என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாட்டுக்குப் புளிச்சோறு. தேங்காய்ச் சட்டினி அந்த வெக்கையில் மதியத்துக்குள் ஊசிப்போகும்.

கரையிலிருந்து எதையும் எடுக்காதீர்கள்

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மலையிலிருந்து ஒரு கல்லோ பூவோ கொண்டுவரும் பழக்கத்தில், குழந்தைகள் கரையில் கிடக்கும் பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். பவளமும் கடல் அட்டையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, புலியைப் போலவே. செத்த துண்டானாலும் வைத்திருப்பது குற்றம். சட்டத்தை விடுங்கள். சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கிவிட்டன. அலையைத் தடுக்கும் சுவரை எடுத்துவிட்டால் பின்னால் இருக்கும் மண் நிற்காது. 21 என்று நாம் எண்ணும்போது, கண்ணால் பார்க்க முடியாத அந்த இரண்டையும் சேர்த்துத்தான் எண்ணுகிறோம்.

தை முதல் பங்குனி வரை, பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். வெளிச்சத்தைக் கண்டால் தாய் ஆமை முட்டையிடாமலேயே திரும்பிவிடும். குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு வெளிச்சத்தை நோக்கி ஊரும். ஆகவே கரையில் தீ மூட்டிப் பாட்டுப் பாடும் ஆசையை ஊருக்கு வந்து தோட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டார்ச்சைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். உலரும் வலைமீதும் கருவாட்டுமீதும் நடக்காதீர்கள். நாம் ஓய்வுக்குப் போகும் மணல் அவர்களுக்குப் பட்டறை.

கோவையிலிருந்து ராமேஸ்வரம் ஏறக்குறைய 380 கிலோமீட்டர். வெள்ளி வேலை முடித்துவிட்டு இரவெல்லாம் ஓட்டி, சனிக்கிழமை நடந்து, ஞாயிறு இரவு மறுபடி ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது மதுரை வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து மாறுங்கள். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு முன் கிளம்பிவிட வேண்டும்.

வீடு வந்ததும் கூடாரத்தை அப்படியே பரணில் போட்டுவிடாதீர்கள். உப்பு படிந்த ஜிப் ஒரே மாதத்தில் இறுகிவிடும். எங்கள் முதல் கூடாரம் அப்படித்தான் போனது. அன்றைக்கே நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, நிழலில் உலர்த்தி, ஜிப்பில் கொஞ்சம் மெழுகு தேய்த்து மடித்து வையுங்கள். செருப்பையும் அடுப்பையும் காரின் அடிப்பாகத்தையும் அதே கையோடு கழுவிவிடுங்கள்.