ஸ்கிரீன் ஒதுங்கிவிட்டதா? முதலில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வாசகசாலைக் கம்ப்யூட்டரில் ஓடுவது உபுண்டு 22.04 என்ற லினக்ஸ். இங்கே வரும் தமிழ் மீடியம் பிள்ளைகள் பள்ளியில் பழகுகிற, கேரளப் பள்ளிகளுக்கான கைட் குனு லினக்ஸும் உபுண்டுவில் இருந்து வந்ததுதான். அதனால் யாருக்கும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. போன வாரம் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், "அண்ணா, ஸ்கிரீன் ஒதுங்கிப் போச்சுங்க" என்று கூப்பிட்டான். இடது ஓரத்து ஐகான்கள் பாதி வெட்டுப்பட்டிருந்தன. வலது ஓரத்தில் விரல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை. அதற்குள் அவன் ரெசல்யூஷனை, அதாவது திரையில் எத்தனை புள்ளிகள் என்ற அளவை, நாலைந்து முறை மாற்றிப் பார்த்துவிட்டான்.

அதைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பிரின்ட் ஸ்கிரீன் பட்டனை அழுத்தி, முழுத் திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தப் படத்தைச் சின்ன ஜன்னலில், திரையின் நடுவில் வைத்துப் பாருங்கள். பெரிதாக்கினால் அதுவும் வெட்டுப்பட்டுத்தான் தெரியும். படத்தில் நாலு ஓரமும் முழுசாக இருந்தால் லினக்ஸ் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. கோளாறு கேபிளிலோ மானிட்டரிலோதான். செட்டிங்ஸில் எதையும் மாற்றாதீர்கள்.

எங்களுக்கு முழுசாகத்தான் இருந்தது. கேபிள், 15 பின் உள்ள பழைய விஜிஏ. இதில் படம் அனலாக் சிக்னலாகப் போகிறது. எந்த இடத்தில் படம் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை மானிட்டர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் மானிட்டரின் கீழ் விளிம்பில் 'ஆட்டோ' பட்டன். பையன் அதையும் அழுத்தியிருக்கிறான், சரியாகவில்லை. காரணம் டெஸ்க்டாப் படம்: நெல்லியாம்பதி மலையின் இரவுக் காட்சி, ஓரமெல்லாம் கறுப்பு. கறுப்பு ஓரத்தை வைத்து மானிட்டரால் எல்லையைக் கண்டுபிடிக்க முடியாது. டெக்ஸ்ட் எடிட்டரை வெள்ளைப் பின்னணியில் திறந்து, எஃப்11 அழுத்தித் திரை முழுக்க வெள்ளையாக்கினோம். பிறகு ஆட்டோ. படம் ஒருமுறை துடித்து, அப்படியே வலப்பக்கம் நகர்ந்து வந்து உட்கார்ந்தது.

ஆட்டோ பட்டன் இல்லாவிட்டால் மானிட்டர் மெனுவுக்குள் 'ஹெச் பொசிஷன்', 'வி பொசிஷன்' இருக்கும். முதலாவது இட வலமாகவும் இரண்டாவது மேல் கீழாகவும் நகர்த்தும். எழுத்து மங்கலாக இருந்தால் 'கிளாக்', 'ஃபேஸ்' இரண்டையும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள்.

ஹெச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்து, நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டுப்பட்டால் அது ஓவர்ஸ்கேன். பழைய குழாய் டிவி காலத்துப் பழக்கம், இன்னமும் விடவில்லை. டிவியின் பிக்சர் மெனுவில் படத்தின் அளவை மாற்றும் இடத்துக்குப் போங்கள். எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சோனியில் 'ஃபுல் பிக்சல்' என்று இருக்கும்.

சரி, ஸ்கிரீன்ஷாட்டே கோணலாக இருந்தால்? அதன் அளவைப் பாருங்கள். அகல மானிட்டரில் 1024 x 768 என்று வந்தால், மானிட்டர் தன் அளவைச் சொல்வது கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். விஜிஏ கேபிளில் 12, 15-ஆம் பின்கள்தான் அந்தத் தகவலைக் கொண்டுபோகின்றன. கம்ப்யூட்டரை அணைத்து, கேபிளைக் கழற்றி, ஏதாவது வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். 9-ஆம் பின் பல கேபிள்களில் இருக்காது, அதற்குப் பயப்பட வேண்டாம். திரும்ப மாட்டி, இரண்டு பக்க ஸ்க்ரூவையும் முடுக்குங்கள்.

அப்புறம்தான் செட்டிங்ஸ், அதில் 'டிஸ்ப்ளேஸ்'. மானிட்டரின் சொந்த ரெசல்யூஷனைத் தேர்ந்தெடுத்து 'அப்ளை' கொடுங்கள். திரை இருண்டுவிட்டால் எதையும் அழுத்தாமல் 20 விநாடி பொறுங்கள், பழைய நிலைக்குத் தானாகத் திரும்பிவிடும். இரண்டு மானிட்டர் இருந்தால் அங்கே தெரியும் இரண்டு கட்டங்களின் மேல் விளிம்பும் ஒரே கோட்டில் வரும்படி இழுத்து வையுங்கள்.

மாற்றி மாற்றிக் குழப்பிவிட்டீர்களா? ஃபைல்ஸைத் திறந்து ஹோமில் கன்ட்ரோலும் ஹெச்சும் சேர்த்து அழுத்தினால் மறைந்திருக்கும் கோப்புகள் தெரியும். புள்ளியில் தொடங்கும் 'கான்ஃபிக்' ஃபோல்டருக்குள், 'மானிட்டர்ஸ்' என்ற பெயரில் எக்ஸ்எம்எல் என்று முடியும் ஒரு கோப்பு இருக்கும். அதை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள்.