க்னைப்பின் ஊருக்கு மாணவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு

ஐரோப்பாவுக்குக் கல்விச் சுற்றுலா என்று வாயெடுத்தாலே ஏஜென்ட் ஒரு தாளை நீட்டுவார். எட்டு நாளில் ஆறு ஊர். பாரிஸில் ஈஃபில் கோபுரம், சுவிட்சர்லாந்தில் பனி, நடுவில் அரை நாள் ஏதோ ஒரு 'ஸ்பா'. அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பி.என்.ஒய்.எஸ். என்ற இயற்கை மருத்துவ, யோகா பட்டப்படிப்பு படிக்கிற பிள்ளைகளுக்கு ஜெர்மனி ஒன்றே போதும். அதிலும் பவேரியா மாநிலத்தின் பாட் வொரிஸ்ஹோஃபன் என்ற சின்ன ஊரில் நான்கு இரவாவது தங்க வேண்டும். நான் நீர் சிகிச்சைப் பாடம் எடுக்கிறவள். எனக்கு அந்த ஊர் மேல் கொஞ்சம் பாரபட்சம் உண்டு.

நாம் வகுப்பில் சொல்லிக் கொடுப்பதில் பாதி அந்த நாட்டிலிருந்து வந்தது. இடுப்புக் குளியலுக்கு லைப்சிக்கின் லூயி கூனே, மண் சிகிச்சைக்கு அடால்ஃப் யுஸ்ட். இருவரையும் காந்தி படித்து, தன் மேலேயே சோதித்துப் பார்த்து, இங்கே பரப்பினார். நீர் சிகிச்சைக்குப் பெயர் பெற்ற பாதிரியார் செபாஸ்டியன் க்னைப் 1821இல் ஒரு நெசவாளி வீட்டில் பிறந்தவர். பாதிரியாருக்குப் படிக்கும்போது நுரையீரல் நோய் வந்து, பழைய நீர் சிகிச்சை நூல் ஒன்றைப் பார்த்து, 1849இல் குளிர்காலத்து டான்யூப் ஆற்றில் முங்கி எழுந்தார். 1855இல் வொரிஸ்ஹோஃபன் கன்னியர் மடத்துக்கு வந்தார், 1897இல் அங்கேயே இறந்தார். அந்த மடத்திலேயே இப்போது க்னைப் அருங்காட்சியகம் இருக்கிறது. ஊர்ப் பெயருக்கு முன்னால் 'பாட்' (குளியல்) என்ற பட்டம் 1920இல்தான் ஒட்டிக்கொண்டது.

முதலில் விசா. குறுகிய காலத்துக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா போதும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். அதிக நாள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், ஒரே நாடு என்று முடிவு செய்தால் அந்தக் குழப்பமும் இல்லை. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கல்லூரிக் கடிதத்தில் எல்லா மாணவர் பெயரும், பாஸ்போர்ட்டில் இருக்கிற அதே எழுத்தில், இனிஷியல் விரித்தபடியே இருக்கட்டும். செலவை ஏற்கும் பெற்றோரின் வங்கிக் கணக்கு அறிக்கையை மாணவர்களிடம் இப்போதே கேளுங்கள். அப்பாக்கள் கடைசி வாரம்வரை இழுப்பார்கள்.

மருத்துவமனை பார்க்க வேண்டுமென்றால் மின்னஞ்சலை மாதக்கணக்கில் முன்னதாக அனுப்புங்கள். நம்மூர் 'உயர்திரு', 'பணிவான வேண்டுகோள்' எல்லாம் வேண்டாம். யார், எத்தனை பேர், எந்த ஆண்டு மாணவர்கள், எந்த இரண்டு தேதி சரிப்படும், எதைப் பற்றித் தெரிந்துகொள்ள விருப்பம் என ஐந்து வரி போதும். ஆகஸ்டில் பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள். ஆராய்ச்சிப் பக்கம் பார்க்க பெர்லின்தான் இடம். அங்கே ஷாரிட்டே பல்கலைக்கழக மருத்துவமனையோடு இணைந்து, வான்சே பகுதியில் உள்ள இம்மானுவேல் மருத்துவமனையில் இயற்கை மருத்துவத் துறை நடக்கிறது. உண்ணாநோன்பு பற்றிய ஆய்வுகளில் பெயர் பெற்ற இடம். அனுமதி கிடைத்தாலும் நோயாளியைத் தொடவோ படம் எடுக்கவோ கூடாது, வேடிக்கை பார்ப்பது மட்டும்தான். யாராவது பயிற்சிக்கென்று தங்கினால் தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். 2020இலிருந்து அது அங்கே சட்டம்.

இன்னொரு எச்சரிக்கை. சுற்றுலா முடிவில் 'ஜெர்மன் நேச்சுரோபதி சான்றிதழ்' தருகிறோம் என்று ஒரு ஏஜென்ட் எங்கள் மாணவர்களிடம் தனியாகப் பணம் கேட்டார். அங்கே இயற்கை மருத்துவம் செய்பவர்களில் இரண்டு வகையினர் இருக்கிறார்கள். எம்.பி.பி.எஸ். போலப் படித்த டாக்டர்கள் மேற்கொண்டு இயற்கை மருத்துவப் பயிற்சி எடுப்பது ஒன்று. 1939ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதாரத் துறைத் தேர்வு எழுதி 'ஹைல்பிராக்டிகர்', அதாவது டாக்டராகாமலே சிகிச்சை தர அனுமதி பெற்றவர், ஆவது இன்னொன்று. நாலு நாள் சுற்றிப் பார்த்த தாளுக்கு இரண்டிலும் இடமில்லை. புறப்படுவதற்கு முன்பே இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள்.

மியூனிக்கிலிருந்து வொரிஸ்ஹோஃபனுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். பெரும்பாலும் வழியில் ஒரு முறை வண்டி மாற வேண்டும். பவேரியா டிக்கெட் ஒன்றில் ஐந்து பேர்வரை போகலாம். ஆனால் வாரநாளில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும், அதிவேக ரயிலில் செல்லாது. டிக்கெட்டில் பெயரை எழுதாமல் உட்கார்ந்தால் பரிசோதகர் முகம் மாறிவிடும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். ஊர்ப் பூங்காவில் முழங்கால் அளவுத் தண்ணீரோடு தொட்டிகள் உண்டு, நடுவில் கைப்பிடிக் கம்பி. கொக்கு போல ஒவ்வொரு அடிக்கும் காலை முழுசாகத் தண்ணீருக்கு வெளியே தூக்கி வைத்து நடக்க வேண்டும். உள்ளே தேய்த்துக்கொண்டு நடந்தால் பலனில்லை. இறங்குவதற்கு முன் உடம்பும் பாதமும் சூடாக இருக்க வேண்டும். குளிரில் நடுங்குகிறவர் இறங்கவே கூடாது. கால் சுரீரென்று வலிக்கத் தொடங்கியதும் ஏறிவிட வேண்டும். துண்டால் துடைக்காமல் கையால் வழித்துவிட்டு, காலுறை மாட்டி, சூடு திரும்பும்வரை நடக்க வேண்டும். நம் பிள்ளைகள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்: ஈரக் காலோடு பெஞ்சில் உட்கார்ந்து செல்ஃபி எடுக்கிறார்கள்.

ஒரு தெர்மாமீட்டர் கொண்டு போங்கள். அங்கே 'குளிர்ந்த நீர்' என்றால் 18 டிகிரிக்குக் கீழே. சென்னையில் சித்திரை மாதத்தில் மேல்தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு அதையே குளிர்நீர் சிகிச்சை என்று பதிவேட்டில் எழுதுகிறோம். அந்தப் பூங்காத் தொட்டிக்குள் ஒரு தடவை கால் வைத்த மாணவி, ஊர் திரும்பியதும் ஐஸ் எங்கே என்று தானாகக் கேட்பாள். முழங்கால் நீர்வார்ப்பையும் கேட்டுச் செய்து காட்டச் சொல்லுங்கள். குழாயில் அழுத்தமே இருக்காது, தண்ணீர் தோல் மேல் போர்வையாக வழியும். வலது கால் சுண்டுவிரல் பக்கம் தொடங்கிப் பின்பக்கமாக முழங்கால்வரை ஏறி, உள்பக்கமாக இறங்கும். அப்புறம்தான் இடது கால். இதய நோய், சிறுநீர்த் தொற்று, குளிரில் விரல் வெளுக்கிற தொந்தரவு இருப்பவர்கள் வேடிக்கை பார்த்தால் போதும். மாதவிலக்கு நாள்களிலும் வேண்டாம். இந்த விவரங்களை முன்கூட்டியே, தனித்தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பார்க்கிற ஒவ்வொரு சிகிச்சைக்கும் மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி: எதை அளந்தீர்கள், எதோடு ஒப்பிட்டீர்கள்? குளிர்ந்த தண்ணீரில் நின்றவருக்குத் தான் நின்றது தெரியும். மாத்திரை ஆய்வில் செய்வதுபோல அவரிடம் மறைக்க முடியாது. அப்படியிருக்க ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்டால், நல்ல ஆராய்ச்சியாளர் உற்சாகமாகி ஒரு மணி நேரம் பேசுவார். அதேபோல ஏதாவது ஒரு மருந்துக் கடைக்குள் நுழையுங்கள். வாசலில் சிவப்பு 'ஏ' எழுத்து இருக்கும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மனச்சோர்வுக்கு அங்கே முறைப்படி பதிவான மருந்து. கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், உறுப்பு மாற்று செய்தவர்களுக்குத் தரும் சைக்ளோஸ்போரின் ஆகியவற்றின் வேலையைக் கெடுக்கவும் செய்யும். 'மூலிகைதானே, பக்கவிளைவு இல்லை' என்று பேசுகிற மாணவரை முதல் ஆளாக அந்தக் கடைக்குள் அனுப்புங்கள்.

சாப்பாடு: இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துப் போகலாம். நெய், பால்கோவா, பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம். பால் பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை, பச்சை இலைக்குத் தாவரச் சான்று வேண்டும். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே ரொட்டியும் பழமும் வாங்கி வையுங்கள்.

திரும்பியதும் குழு அறிக்கை கேட்காதீர்கள், ஒருவர் எழுத மற்றவர் கையெழுத்துப் போடுவார்கள். ஆளுக்கு ஒரு சிகிச்சை, ஒரு பக்கம்: என்ன செய்தார்கள், தண்ணீர் எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், அதற்கு என்ன ஆதாரம் சொன்னார்கள். விமானத்திலேயே எழுத வைத்து இறங்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.